ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லாத வசனம்

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், சொந்தமாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. பேச்சு வராத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. ஆனால் வருவதெல்லாம் இரவல். பஸ்ஸைக் கோட்டை விட்டுவிட்டு நான் புலம்பினால், "போன வண்டியைத் திட்டாதே, அடுத்த வண்டிக்கு நேரம் கேளு" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் தகுதிக்கு மீறிக் கார் வாங்கினால், "கதவு திறந்திருக்குன்னு எல்லாப் பெட்டியிலும் ஏறக் கூடாது" என்பார். அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார், "சிவப்பு விளக்கு நிரந்தரம் இல்லை" என்று சொல்லிவிட்டு மாத்திரை எடுக்கப் போவார். மாத்திரையை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுப்பார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இத்தனைக்கும் மூலம் ஒரு தொலைக்காட்சித் தொடர். ஒரு சின்ன ரயில் நிலையம், அதில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். வாரம் ஒரு கதை. வண்டியைத் தவறவிட்டவர்கள், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர்கள், எங்கே போவதென்று தெரியாமல் டிக்கெட் கேட்பவர்கள் என்று யாராவது வருவார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைச் சரி செய்துகொண்டு ஒரு வரி சொல்லுவார். அவர்களுக்குப் புத்தி வரும், வண்டி கிளம்பும், பாட்டு வரும். எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. வேலை நேரத்தில் ஊருக்கு உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தால் சிக்னலை யார் போடுவது என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அத்தான் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அந்த வாரம் எனக்கு ஒரு வசனமும் கிடைக்கவில்லை, நிம்மதியாக இருந்தது.

அத்தான் வாஷிங் மெஷின் மெக்கானிக். ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை. காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் வீடு வீடாக ஏறி இறங்குவார். மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்தி, அதற்கும் சுவருக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, பம்பைக் கழற்றி, உள்ளே சிக்கிய ஹேர்பின்னையும் குழந்தைச் சாக்ஸையும் வெளியே எடுப்பார். பாதி வீடுகளில் ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். இவருக்குப் படம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். மறு ஒளிபரப்பில் அந்தத் தொடரைப் பாதிக்கு மேல் காதால் பார்த்தவர் அவர். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர்களுக்கு ஹேர்பின்னோடு ஒரு வசனத்தையும் கொடுத்துவிட்டு வருவார். சர்வீஸ் சென்டரில் அவருக்குப் பெயரே "வசனம்"தான். "வசனம் எங்கேப்பா, மாடி வீட்டு மெஷின் தண்ணி ஒழுகுதாம்" என்று மேனேஜர் போனில் கத்துவது கீழே அவர் பேசும்போது மாடியில் இருக்கும் எனக்கே கேட்கும்.

நான் அவர்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். நாள் முழுக்க வாயைத் திறந்துகொண்டு பேச முடியாமல் கிடப்பவர்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வாயை மூடவே தெரியாத அத்தான். கொழுந்தியாளாகப் பிறந்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே லாபம், அவரை எவ்வளவு கிண்டல் செய்தாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான்.

அக்காவுக்கு மருந்துக் கடையில் வேலை. டாக்டர்களின் கையெழுத்தையே படிக்கிறவள் என்பதால் அத்தானையும் ஓரளவு படித்துவைத்திருந்தாள். ஆனாலும் அவளுக்கு அவர்மேல் தீராத குறைகள் இரண்டு. ஒன்று, அவள் சொல்வது எதையும் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. தொடர் ஓடும்போது அவள் சோபாவில் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே ஏதாவது சொல்லுவாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ச்சூ, வசனம் போயிடும்" என்பார். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிற ஜாதிகூட இல்லை, வாங்குவதே இல்லை என்பது அவள் கட்சி. இரண்டாவது, சாயங்காலத்து போன். "இதோ, பத்து நிமிஷம், வந்துட்டே இருக்கேன்" என்பார். அத்தானின் பத்து நிமிடத்துக்குள் ஒரு முழுப் படம் பார்த்துவிடலாம். அக்கா சாப்பிடாமல் காத்திருப்பாள். நான் மேலேயிருந்து வந்து நீயாவது சாப்பிடேன் என்றால், அப்புறம் சாப்பிடுகிறேன் என்பாள்.

இப்படிப்பட்ட மனிதரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது சர்வீஸ் சென்டர்தான். சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியானது. பள்ளி இறுதிச் சான்றிதழ் இருந்தால்தான் கொடுப்போம் என்றார்கள். அத்தான் சின்ன வயதில் எல்லாவற்றிலும் தேறி, மொழிப் பாடத்தில் மட்டும் விழுந்து, வெட்கத்தில் அதற்குமேல் அந்தப் பக்கமே போகாதவர். அது அவருக்கு உள்ளுக்குள் ஒரு முள். மெஷினின் சர்க்யூட் போர்டைக் கையில் வைத்துப் பார்த்தே நோய் சொல்கிற மனிதர், படிப்பு எதுவரை என்று யாராவது கேட்டால் மட்டும் தரையைப் பார்ப்பார். சூப்பர்வைசர் வேலையைவிட அந்தக் கேள்விக்கு நிமிர்ந்து பதில் சொல்வதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பெரியவர்களுக்கான மாலைப் பள்ளியில் சேர்ந்தார். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கணக்கு, அறிவியல் எல்லாம் தேறிவிட்டார். மிச்சம் இருந்தது அதே மொழிப் பாடம். அதில் கடைசியாக ஒரு கட்டுரை, வீட்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டியது. அது ஏற்கப்பட்டால் சான்றிதழ், இல்லையென்றால் மறுபடி அடுத்த வருடம். அடுத்த வருடம் என்றால் அவர் போகமாட்டார் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

தலைப்பு என்ன தெரியுமா? உங்களைக் கவர்ந்த தொலைக்காட்சிக் கதாபாத்திரம் ஒன்றைப் பற்றி, தகுந்த மேற்கோள்களுடன் எழுதுக.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அத்தான் குதித்தார். ஒரே மூச்சில் எழுதி முடித்து, டைப் அடித்துத் தரச்சொல்லி என்னிடம் நீட்டினார். நான் அடிக்க ஆரம்பித்தேன். மேற்கோள் குறி அடித்து அடித்தே விரல் நொந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு வசனம், அதன்கீழ் இன்னொரு வசனம், அதன்கீழ் மற்றொன்று. அத்தானின் பங்காக இருந்தது "மேலும் அவர் கூறுகிறார்" மட்டும்தான். ஓரிடத்தில் அலுத்துப்போய் "மேலும் மேலும் அவர் கூறுகிறார்" என்று எழுதியிருந்தார். பட்டால்தான் தெரியும் என்று அடித்துக் கொடுத்துவிட்டேன்.

டீச்சர் எங்கள் இரண்டு பேரையும்விட வயதில் சின்னவர். குரலை உயர்த்தாத பெண் என்று அத்தான் சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டுரையின் தலையில் சிவப்பு மையில் இப்படி எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்: "ஸ்டேஷன் மாஸ்டர் நன்றாக எழுதியிருக்கிறார். நீங்கள் எப்போது எழுதப் போகிறீர்கள்?"

அக்கா அதைப் படித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே அவள் தோள் குலுங்கியது. நான் அந்த நாகரிகமெல்லாம் பார்க்காமல் எதிரிலேயே சிரித்தேன்.

பிறகு டீச்சர் அவரை உட்காரவைத்துப் பேசியதை அத்தானே வந்து சொன்னார். கட்டுரையில் ஒரு வரியைத் தொட்டு, இதை அவர் யாரிடம் சொன்னார், எப்போது, எதற்காக என்று டீச்சர் கேட்டிருக்கிறார். இவர் மளமளவென்று கதையைச் சொல்லியிருக்கிறார். வீட்டில் கோபித்துக்கொண்டு பெட்டியும் கையுமாக ஒரு பெண் வருகிறாள், எந்த வண்டி என்றுகூடப் பார்க்காமல் ஏறப் போகிறாள், அப்போது சொல்கிறார் என்று. டீச்சர் கேட்டுவிட்டு, இதைத்தான் வரிக்கு முன்னால் எழுத வேண்டும், அது உங்களுக்கு ஏன் முக்கியம் என்று வரிக்குப் பின்னால் எழுத வேண்டும் என்றாராம். வசனம் முழுவதையும் தூக்கிப்போட வேண்டியதில்லை, தேவையான நாலு வார்த்தை போதும், அது உங்கள் வாக்கியத்துக்குள் இயல்பாகப் போய் உட்கார வேண்டும். எந்தப் பகுதியில் வருகிறது என்று கடைசியில் ஆதாரமும் கொடுக்க வேண்டும்.

"முன்னாடி எழுதிடுவேன். பின்னாடி என்ன எழுதுறது? முக்கியம்னா முக்கியம்தானே" என்று அத்தான் என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? ஸ்டேஷன் மாஸ்டரைக் கேளுங்கள் என்றேன்.

டீச்சர் சொன்ன விதியை அக்கா அப்படியே வீட்டுச் சட்டமாக்கிவிட்டாள். அத்தான் ஒரு வசனத்தை எடுத்துவிட்டால் போதும், கையிலிருக்கும் வேலையை நிறுத்தாமல், "யார்கிட்ட சொன்னார்? இப்போ எதுக்கு சொல்றீங்க?" என்று கேட்பாள். டிவி ரிமோட் காணாமல் போன அன்று அவர் வழக்கம்போல "போன வண்டியை" என்று ஆரம்பித்தார். ரிமோட்டுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அக்கா கேட்டாள். சம்பந்தம் கிடைக்கவில்லை. ரிமோட் மட்டும் தலையணைக்கு அடியில் கிடைத்தது. அந்த நாட்களில் வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. அவர் உள்ளுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அமைதி கிடைத்ததே போதுமென்று இருந்தது.

இரண்டாவது முறை எழுதியதைக் கையில் வாங்கியபோது, கிண்டல் செய்யத் தயாராகத்தான் உட்கார்ந்தேன். பெட்டியோடு வந்த பெண்ணைப் பற்றி இப்படி இருந்தது: "அவர் அதிகாரி. கையைப் பிடித்து இறக்கியிருக்கலாம். ஆனால் அவர் படிக்கட்டின் ஓரமாக நின்று, 'கதவு திறந்திருக்கு' என்பதற்காக மட்டும் ஏறிவிடாதே என்கிறார். எங்கே போக வேண்டும் என்பதை அவளே யோசிக்க இடம் விடுகிறார். எனக்கு அப்படி யாரும் இடம் விட்டதில்லை. பள்ளியை விட்டபோது கதவு திறந்திருக்கிறதே என்று முதலில் வந்த வண்டியில் ஏறிவிட்டேன்." நான் இரண்டு முறை படித்தேன். கிண்டல் செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

கடைசிப் பத்திதான் கட்டுரைக்கே உயிர். மகன் வருவான் என்று தினமும் நடைமேடையில் வந்து உட்காருகிற ஒரு பெரியவரைப் பற்றியது. வண்டிகள் வந்து போகின்றன, மகன் வருவதில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "காத்திருக்கிறவங்ககிட்ட நேரம் சொல்லக் கூடாது, பக்கத்துல உக்காரணும்" என்று சொல்கிறார். அதற்குப் பின்னால் அத்தான் எழுதியிருந்தார்: "வண்டிகளின் நேரத்தை எல்லாருக்கும் சொல்வதுதான் அவர் உத்தியோகம். அவரே இப்படிச் சொல்கிறார் என்பதுதான் இந்தக் கதாபாத்திரத்தின் பெருமை. ஒருமுறை என் மனைவிக்கு ஒரு பரிசோதனை செய்தார்கள். முடிவு வரும்வரை மருத்துவமனையில் காத்திருந்தோம். நான் எதுவும் செய்ய முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உட்காரக் கற்றுக்கொடுத்தவர் ஸ்டேஷன் மாஸ்டர்."

அந்த மருத்துவமனை நாள் எனக்கும் நினைவிருக்கிறது. கடைசியில் பயப்படும்படி ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. ஆனால் வருகிற வரைக்கும் அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் டீ வாங்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டேன். அத்தான் இடத்தை விட்டு நகரவில்லை.

டீச்சருக்கும் அந்தப் பத்திதான் பிடித்தது. பிடித்ததால் வந்தது வினை. அந்தக் காட்சியைத் தானும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, பழைய பகுதியைத் தேடிப் போட்டுப் பார்த்திருக்கிறார். கட்டுரை மறுபடி திரும்பி வந்தது. இந்த முறை சிவப்பு மையில் கேலி இல்லை. "இந்த வரி அந்தப் பகுதியில் இல்லை. அடுத்த வகுப்புக்குள் ஆதாரம் காட்டுங்கள். முடியாவிட்டால் இட்டுக்கட்டிய மேற்கோள் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கும். அப்படியானால் கட்டுரையை ஏற்க விதி இடம் கொடுக்காது."

"நான் இட்டுக்கட்டினேனா?" என்று அத்தான் கேட்டார். கோபம் என்று சொல்ல முடியாது. அடிபட்ட குரல் அது. எனக்குத்தான் கோபம் வந்தது. சொந்தமாக ஒரு வாக்கியம் கட்டத் தெரியாமல் காலம் தள்ளிய மனிதரைப் பார்த்து இட்டுக்கட்டினார் என்றால் எப்படி? அந்தச் சாமர்த்தியம் இருந்திருந்தால் அவர் இப்படியா இருந்திருப்பார்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். அக்கா வழக்கம்போல ஜன்னல் பக்கம், மடியில் துணிகள். அத்தான் நடுவில், கையில் ரிமோட். எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. பெரியவர் வந்து உட்கார்ந்தார். இருட்டியது. ஸ்டேஷன் மாஸ்டர் அறையைப் பூட்டினார், படியிறங்கினார், நின்றார், திரும்பி வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு சரக்கு வண்டி நீளமாகக் கடந்து போனது. அவ்வளவுதான். பாட்டு வந்துவிட்டது. எப்போதும் உபதேசம் செய்கிற ஆள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

அத்தான் பின்னால் ஓட்டிப் போட்டார். மறுபடி சரக்கு வண்டி. சத்தத்தைக் கூட்டிவைத்துப் போட்டார். சரக்கு வண்டிதான் சத்தமாகப் போனது. விளம்பரத்துக்காக வெட்டிவிட்டார்கள் என்றார். இதற்கு முந்தைய வாரமாக இருக்கும் என்று அதைப் போட்டுப் பார்த்தார், அடுத்த வாரத்தையும் பார்த்தார், கடைசியில் மறுபடி பெஞ்சுக் காட்சிக்கே வந்து நிறுத்தினார். பிறகு சர்வீஸ் சென்டரில் கூட வேலை பார்க்கிற ஒருவருக்குப் போன் போட்டு, அந்த வசனம் நினைவிருக்கிறதா என்று கேட்டார். ஸ்பீக்கரில் பதில் வந்தது: "ஏன் இல்லாம? அருமையான வசனம் ஆச்சே." அத்தான் முகம் மலர்ந்தது. எந்தப் பகுதியில் கேட்டாய் என்றார். "பகுதி எல்லாம் தெரியாது. நீங்கதானே எப்பவும் சொல்லுவீங்க" என்று வந்தது. அத்தான் போனை வைத்துவிட்டார்.

டிவியில் படம் நின்றபடி இருந்தது, இரண்டு ஆண்களும் பெஞ்சும். அத்தான் ரிமோட்டைக் கீழே வைத்தார். கட்டுரைத் தாள்களை எடுத்து, ஓரம் சேர்த்து, உறையில் போட்டார். அடுத்த வகுப்புக்குப் போகப் போவதில்லை என்று அந்தக் கைகளைப் பார்த்தாலே தெரிந்தது.

அக்கா மடித்த துணிகளை ஓரமாக வைத்தாள்.

"அதை ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லலை," என்றாள். "நான் சொன்னேன்."

அத்தான் திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு பத்து நிமிஷம்னு போன் பண்ணீங்க. நான் ரெண்டு தடவை சாப்பாட்டைச் சூடு பண்ணேன். நீங்க வந்ததும் நேரா டிவி முன்னாடி உக்காந்துட்டீங்க. அவர் அந்தப் பெரியவர் பக்கத்துல பேசாம உக்காந்தாரில்ல, அதைப் பார்த்துட்டு சொன்னேன். காத்திருக்கிறவங்களுக்கு நேரம் சொல்ல வேணாம், பக்கத்துல வந்து உக்காந்தா போதும்னு. உங்களைத்தான் சொன்னேன். நீங்க 'ச்சூ'ன்னீங்க."

வாங்கவே இல்லை என்று அவள் சாதித்துக்கொண்டிருந்த காது, வாங்கியிருக்கிறது. வாங்கி, பத்திரமாக வைத்து, ஆளை மட்டும் மாற்றிவிட்டிருக்கிறது. அந்த ஒரு வரியை இந்த மனிதர் எத்தனை வீடுகளில் மெஷின் பக்கத்தில் நின்று சொல்லியிருப்பார், அத்தனையும் அக்கா பேச்சு.

"ஆஸ்பத்திரியில…" என்று ஆரம்பித்தார் அத்தான்.

"ஆமா. என்கிட்டயே சொன்னீங்க. ஸ்டேஷன் மாஸ்டர் சொல்ற மாதிரின்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, அது உன் வார்த்தைன்னு."

"பக்கத்துல உக்காந்திருந்தீங்களே," என்றாள் அக்கா. "யார் சொல்லி உக்காந்தா என்னன்னு விட்டுட்டேன்."

எனக்கு வந்தது அக்காவை நினைத்து அழுகையா, அத்தானை நாலு வார்த்தை கேட்க வேண்டுமென்ற ஆத்திரமா என்று பிரிக்கத் தெரியவில்லை. டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். நெருக்கடி வந்தால் டீ போடப் போவது என் வழக்கம்.

அடுத்த வகுப்புக்கு அத்தான் போனார். போகாமல் இருந்தால் நானே டீச்சரைப் பார்க்கப் போவேன் என்று மிரட்டியிருந்தேன், அதற்குப் பயந்தும் இருக்கலாம். நடந்ததைச் சொல்லியிருக்கிறார். டீச்சர் சிரிக்கவில்லையாம். தொடரைப் பார்த்தவர் சொன்னதையும் மேற்கோளாக எடுக்கலாம், தப்பே இல்லை, யார் சொன்னது என்று மட்டும் சரியாக இருக்க வேண்டும் என்றாராம். "ஸ்டேஷன் மாஸ்டர் பேசாம இருந்ததை எழுதுங்க. உங்க மனைவி பேசினதை எழுதுங்க. அப்போ நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னும் எழுதுங்க" என்று சொல்லி ஒரு வாரம் அவகாசம் கொடுத்திருக்கிறார்.

மூன்றாவதாக ஒன்று சொன்னாரே, அதுதான் கஷ்டமாகிவிட்டது. "ச்சூ" என்று சொன்னதை ஒரு மனிதன் தன் கையால் எப்படி எழுதுவான்? அந்த வாரம் முழுக்க அத்தான் சாப்பாட்டு மேஜையில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுதியதை நான் டைப் அடித்தேன். இப்படி இருந்தது:

"எல்லாப் பகுதிகளிலும் பேசுகிற ஸ்டேஷன் மாஸ்டர் இந்தப் பகுதியில் பேசவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, ஒரு காத்திருக்கும் மனிதராக உட்காருகிறார். அவர் சொல்லாததை என் மனைவி சொன்னாள். நான் தாமதமாக வந்த மாலை அது. அவள் எனக்காகக் காத்திருந்தவள். திரையைப் பார்த்தபடி என்னிடம், காத்திருப்பவர்களுக்கு 'நேரம் சொல்லக் கூடாது, பக்கத்துல உக்காரணும்' என்றாள். நான் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். ஆனால் அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டேன். எடுத்து, ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் பேசினால் கேட்டுக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. வீட்டில் இருப்பவர் பேசினால் பதில் சொல்ல வேண்டும்."

அக்காவிடம் படிக்கக் கொடுத்தோம். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல நிதானமாகப் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்தேன்.

"தப்பா போட்டிருக்கீங்க," என்றாள். "கூடாதுன்னு நான் சொல்லவே இல்லை. 'நேரம் சொல்ல வேணாம், பக்கத்துல வந்து உக்காந்தா போதும்'னுதான் சொன்னேன். கூடாது, உக்காரணும்னு எல்லாம் அதிகாரம் பண்றது உங்க ஸ்டேஷன் மாஸ்டர்."

அத்தான் தாளை வாங்கித் திருத்தினார். கடைசியில் ஆதாரம் என்ற இடத்தில், தொடரின் பகுதிகளை எல்லாம் எழுதிய பிறகு, இதையும் சேர்த்திருந்தார்: என் மனைவி, எங்கள் வீட்டுச் சோபாவின் ஜன்னல் பக்கம், சாக்ஸ் மடித்தபடி, என்னிடம் சொன்னது. சாக்ஸை எடுத்துவிடுங்கள், கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டாள். டீச்சர் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லியிருக்கிறார் என்று அத்தான் மறுத்துவிட்டார். அவர்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் ஜெயித்த ஒரே வழக்கு அதுதான்.

சஸ்பென்ஸ் வைத்துக் கதை சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. அத்தான் தேறிவிட்டார். மதிப்பெண் ஒன்றும் பிரமாதமில்லை, நான் திருத்தாமல் அப்படியே டைப் அடித்த எழுத்துப் பிழைகளுக்கு டீச்சர் தாராளமாகக் கழித்துவிட்டார். இன்று அவர் சூப்பர்வைசர். படிப்பு எதுவரை என்று யாரும் கேட்பதில்லை என்பதுதான் அவருடைய புதுக் குறை. சாயங்காலம் போன் வருகிறது, ஆனால் பத்து நிமிடம் என்று சொல்வதில்லை, கிளம்பும்போது கிளம்பிவிட்டேன் என்கிறார். சில நாள் நேரமாகத்தான் செய்கிறது. வந்தால் முதலில் சாப்பாட்டு மேஜைக்கு வருகிறார். இப்போது புதிதாக "எங்க வீட்டுக்காரி சொல்லுவா" என்று போகிற வீட்டிலெல்லாம் ஆரம்பித்துவிடுகிறாராம். அக்கா பாவம், எதைச் சொன்னாலும் யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு மறக்காதது முடிவு சொன்ன அன்றைய மாலை. மாலைப் பள்ளியின் நடைபாதையில் குட்டைப் பெஞ்சு ஒன்றில் அத்தான் தனியாக உட்கார்ந்திருந்தார், இஸ்திரி போட்ட சட்டை, கையில் காலி உறை. உள்ளே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கட்டுரை ஏற்கப்பட்டதா இல்லையா என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிளினிக்கிலிருந்து நானும் மருந்துக் கடையிலிருந்து அக்காவும் ஒரே சமயத்தில் போய்ச் சேர்ந்தோம். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று வாசலில் நின்ற ஊழியரைக் கேட்கலாம் என்று நான் திரும்பினேன். அக்கா கேட்கவில்லை. போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சு சின்னது, இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டியிருந்தது.

அத்தான் வாயைத் திறந்தார். சிவப்பு விளக்கா, போன வண்டியா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பயமா இருக்கு," என்றார்.

அக்கா அவர் கையிலிருந்த உறையை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"யார் சொன்னது?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"யார்கிட்ட?"

"உன்கிட்டதான்," என்றார் அத்தான்.